இடிப்பதற்கு முன் எழுதிக் கொடு

(சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2021 டிசம்பரை இந்த ஊர் மறக்காது. விடுதிச் சாப்பாட்டால் நோயில் விழுந்த பெண் தொழிலாளர்களுக்காக, கூட வேலை செய்த பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த மாதம் அது. அதே மாதம் 27ஆம் தேதி, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் சரிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்பே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதன் பிறகு, பழைய வாரிய வீடுகளை இடித்துக் கட்டும் வேலை வேகமெடுத்தது. இடிக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. கூரை பெயர்ந்து பிள்ளை தலையில் விழும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. என் கேள்வி ஒன்றுதான்: இடித்த அன்று ராத்திரி அந்தக் குடும்பம் எங்கே படுக்கும்?

அரசின் பதில், கருணைத்தொகை. 8,000 ரூபாயாக இருந்ததை 2021இல் 24,000 ஆக்கினார்கள். சரி, கணக்குப் போடுங்கள். கட்டி முடிக்க இரண்டு வருடம் என்றால் மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரத்துக்கு இந்தச் சத்திரத்தில் அறை கிடைக்குமா? சென்னையில் கிடைக்குமா? பெயரையும் பாருங்கள். உரிமைக்குக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பணம் இருந்தாலும் தீராத ஒன்று உண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரம்மா அறையைக் காட்டினார், அட்வான்ஸ் பேசினார். "தம்பி எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்கே இருக்கும் பலருக்கு இது நடந்திருக்கும். வாரியக் குடியிருப்புகளில் பெரும்பகுதி நம் மக்கள். அங்கே வசதி குறைவு, ஆனால் வாசலில் நின்று சாதி கேட்பவர் இல்லை. அந்த வீட்டை இடித்து, கையில் 24,000 கொடுத்து அனுப்பும்போது, அந்தக் கேள்வியின் முன்னால்தான் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

திரும்பி வந்தாலாவது நிம்மதியா? புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் பழைய குடியிருப்பை இடித்து 1,920 வீடுகள் கட்டினார்கள். 2021இல் குடியேறியபோது கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. அந்த வீட்டுக்குப் பங்களிப்பாக ஒன்றரை லட்சம் கேட்டார்கள். அன்றாடக் கூலிக் குடும்பம் அதற்கு எந்தக் கந்துவட்டிக்காரரிடம் போகும்?

திரும்பவே முடியாதவர்களைப் பார்க்க நாம் தூரம் போக வேண்டாம். ஒரகடம் பக்கம் நாவலூருக்குப் போய்ப் பாருங்கள். அடையாற்றங்கரையில் குடிசை இழந்தவர்களை அங்கே அடுக்கு வீடுகளில் குடிவைத்தார்கள். வீடு இங்கே, பிழைப்பு அங்கே. ஊருக்கு வெளியே சேரி என்பதை நகரத்துக்கு வெளியே மாடி என்று மாற்றியிருக்கிறார்கள்.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே குடிசைப் பகுதி மேம்பாடு முதலில் வருகிறது, அகற்றல் பிறகுதான் வருகிறது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாறினால் போதாது.

நாம் கேட்பது இது. கட்டடத்தின் உறுதிச் சோதனை அறிக்கையைத் தமிழில் வாசலில் ஒட்டு. அதே இடத்தில், இத்தனை சதுர அடியில், இந்தத் தேதிக்குள் வீடு என்று குடும்பத்துப் பெண் பெயரில் ஒதுக்கீட்டு ஆணை கொடு. சாவி கையில் வரும்வரை மாதா மாதம் சந்தை வாடகை கொடு. பங்களிப்புத் தொகையைக் கைவிடு. கல்யாணமாகி அதே வீட்டில் நெருக்கியடித்து வாழும் பிள்ளைகளின் குடும்பங்களையும், அங்கே வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கில் சேர்.

இது சென்னைக்காரர் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். பக்கத்து வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். வேலையோடு கட்டிப்போட்ட கட்டில், வேலை போனால் போய்விடும். வாரிய வீடோ, விடுதிக் கட்டிலோ, வாடகை அறையோ, எழுத்தில் உரிமை இல்லாதவரை நாம் எல்லோரும் ஒரே டிரங்குப் பெட்டியோடுதான் நிற்கிறோம்.

அதிகாரி வந்து "நம்பிக்கை வையுங்கள்" என்றால், நம் அம்மாக்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி: இடிப்பதற்கு முன் எழுதிக் கொடு.