மலைப்பாதையும் பின்னச்சும்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லைக்கு ஏறிச் சென்றவர்கள் அப்பாதையின் வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். நக்கிள்ஸ் மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களிடையே செல்லும் அப்பாதை, மோட்டார் வண்டியின் பின்னச்சுக்கு நாள்தோறும் ஒரு பரீட்சையாகும்.

வண்டி வந்த திசைக்கே முற்றாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதலான தூரம் ஓடுகிறது. மொரிஸ் மைனர் போன்ற சிறு வண்டியில் அவ்வேறுபாடு ஏறக்குறைய 13 அடி. இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்திருப்பின், ஒன்று தரையில் உராய்ந்து இழுபடும். அவ்வாறு நேராமல், ஒவ்வொன்றையும் தன் வேகத்தில் சுழலவிடுவதே டிபரன்ஷியல் எனும் பற்சக்கரத் தொகுதியின் பணி.

எண்ணெய் குறைந்தால் இப்பற்கள் தேயும். ஏற்றத்தில் ஊளையிடும் ஓசையும், வடித்த எண்ணெயில் உலோகத் துகளும் அதற்கு அறிகுறிகள். அப்பொழுது முழுத் தொகுதியையும் மாற்றுவதே நலம். பெரிய முடிப்பற்சக்கரமும் சிறிய பினியனும் ஒன்றோடொன்று இணைத்துத் தேய்க்கப்பெற்ற சோடி. ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பழைய வண்டியிலிருந்து மலிவாகக் கிடைப்பதைப் பூட்டலாமா? 1956இல் வந்த 948 சி.சி. மைனரின் பினியனுக்கு 9 பற்கள், முடிச்சக்கரத்துக்கு 41. 1962இல் வந்த 1098 சி.சி. வண்டியிலோ 9க்கு 38. பின்னது முன்னதில் பொருந்தும். ஆயின், இழுவிசை நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். சமதரையில் இது பெரிதன்று. நோயாளியை ஏற்றிக்கொண்டு மழையில் மலையேறும் வண்டிக்கோ அந்த ஏழு பங்கே பெரிது. இறக்கத்தில் இயந்திரம் வண்டியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலும் அவ்வளவே குறையும். வேகமானி 37 மைல் என்று காட்டும்போது வண்டி 40 மைல் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, வாங்குமுன் பற்களை எண்ணிப் பாருங்கள்.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தி. இவ்வேலைக்குப் பின்சக்கரங்களையும் பிரேக் உருளைகளையும் கழற்றி, பின்தண்டுகளை வெளியே இழுக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து வரும் நீள்தண்டையும் விலக்க வேண்டும். அந்நிலையில் கைப்பிரேக் பற்றுவதற்கு எதுவும் இல்லை. கியரில் விட்டிருந்தாலும் பயனில்லை. சரிவில் நிற்கும் வண்டி தானே உருளத் தொடங்கும். அதன் அடியில் ஒருவர் படுத்திருப்பார்! எனவே சமதரையைத் தேடுங்கள். முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை அடையுங்கள். ஜக்கை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளை வையுங்கள்.

பூட்டி முடித்ததும், அவ்வச்சுக்குரிய ஹைபோயிட் எண்ணெயை உரிய அளவு நிரப்பி, முதலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பினியனின் இடைவெளியைச் சரிசெய்வதற்கு அளவுகருவியும் பழகிய கையும் வேண்டும். அதைத் தேர்ந்த தொழிலாளியிடமே விடுங்கள். மலைப்பாதையில் நாம் நம்மை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை. நம்மை நம்பி ஏறியவர்களையும் ஏற்றிச் செல்கிறோம்.