பிள்ளையின் படிப்பும் சங்கத்தின் வேலைதான்
(இர. சிவலிங்கம் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் மூத்த சகோதரர் இர. சிவலிங்கம் 1999இல் மறைந்தார். இங்குள்ள இளையோர் அவரைக் கண்டதில்லை. ஆனால் நமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் பலர், ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அவரிடம் படித்தவர்கள்.

இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைக்கு வரவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. தோட்ட நிர்வாகத்தின் பாடசாலையில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். பிறகு பெரட்டுக் களம்தான். 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது.

அந்தக் காலத்திலேயே, லயத்துப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போகலாம் என்று நம்பிப் படிப்பித்தவர் அவர். வகுப்பறையோடு நிற்கவில்லை, வாலிபர்களைச் சேர்த்து உரிமை பேச வைத்தார். பின்னர் இந்தியா சென்றபோதும், நீலகிரியில் குடியேறிய நம் மக்களோடேயே நின்றார்.

இன்று பாடசாலை இருக்கிறது. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே நம் பிள்ளைகள் சிலர் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். சம்பளம் போதாத வீட்டில் தாய் தகப்பனைக் குறை சொல்லி என்ன பயன்? சம்பளப் போராட்டமும் படிப்புக்கான போராட்டமும் ஒன்றுதான்.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறோம். மாதக் கூட்டத்தில் சந்தாக் கணக்குப் பார்த்ததும், பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார் என்றும் விசாரியுங்கள். அந்த வீடுகளுக்கு நாம் சேர்ந்தே போவோம்.