நாள் குறித்துக் கொல்லும் அடி



ஆசான் ஒருவனை விரலால் தொட்டார். தொடப்பட்டவன் நகைத்துக்கொண்டே வீடு சென்றான். மூன்றாம் நாள் மாண்டான். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களைப் பற்றி வழங்கும் கதைகளுள் இத்தகையவை பல. கேரளக் களரிகளிலும் இவற்றைக் கேட்கலாம். சீனரிடையேயும் இந்நம்பிக்கை உண்டு. நடிகர் புரூஸ் லீ 1973-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் ஹாங்காங்கில் இறந்தபோது, முன்னரே எவரோ நாள் குறித்து வைத்த அடியே அவரைக் கொன்றது என்று பேசியவர் பலர். அவரது மூளை வீங்கியிருந்ததையே பிணப் பரிசோதனை காட்டிற்று.

ஊறுபட்டால் உயிருக்கு இடர் விளைக்கும் இடங்கள் உடலில் உண்டு என்பதில் ஐயமில்லை. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல் அத்தகைய மர்மங்களை 107 என வகுக்கிறது. விரைவில் உயிரைப் போக்குவன 19. காலம் தாழ்த்திக் கொல்வன 33 என்பது அந்நூலின் கணக்கு. தமிழ் மரபில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது பெருவழக்கு. ஆயினும், மெல்லத் தொட்ட தொடுதல் ஒருவரைச் சில நாள் கழித்துக் கொல்லும் என்பதற்கு மருத்துவத்தில் சான்றில்லை.

அப்படியானால், அடிபட்டு எழுந்து நடந்தவர் பின்னர் இறந்தார் என்பதெல்லாம் பொய்யா? அன்று. அது மெய்யாகவே நிகழக்கூடியது. பொட்டில் அடித்தாற்போல் என்கிறோமே, அந்தப் பொட்டில் மண்டையெலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு குருதிக்குழாய் ஓடுகிறது. எலும்பு முறிந்து அக்குழாய் கிழிந்தால், மண்டைக்குள் குருதி சிறிது சிறிதாகத் தேங்கி மூளையை அழுத்தும். மயங்கி விழுந்தவர் தெளிந்தெழுந்து, சில மணி நேரம் இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். பின்னர்த் தலைவலியும் வாந்தியும் உறக்க மயக்கமும் தோன்றும். காலத்தில் மருத்துவம் கிட்டாவிடில் உயிர் போகும். இடப்புற விலாவின் கீழுள்ள மண்ணீரலும் இத்தகையதே. அடியால் அதனுள் கசிந்த குருதி உறைக்குள் அடங்கியிருந்து, சில நாள் கழித்து உறை கிழிந்து வயிற்றினுள் பெருகுவதுண்டு.

உடலுக்குள் நிகழ்வதைக் காணும் வழியற்ற காலத்தில், இத்தகைய மரணங்களைக் கண்டோர் நாள் குறித்த அடி என்று கருதியிருத்தல் இயல்பே. இன்று அவ்வாறு கருதுவது உயிருக்கே கேடாகும். ஏனெனில், மாற்று அடியும் தடவலும் போதும் என்று காத்திருக்கும் அந்தச் சில மணி நேரமே, அறுவை மருத்துவரால் உயிரைக் காக்கக்கூடிய நேரம்.

மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் உங்கள் பிள்ளைகள் களரியோ கராத்தேயோ மல்யுத்தமோ பயிலலாம். அதனால் உடலும் உள்ளமும் உரம் பெறும். ஆனால், பயிற்சியில் தலையில் அடிபட்ட பிள்ளை நன்றாகத்தானே பேசுகிறான் என்று வாளாவிருந்துவிடாதீர்கள். அன்றிரவு முழுதும் அவனைக் கவனியுங்கள். வாந்தி, மிகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்பியும் தெளியாத உறக்கம், இவற்றுள் ஒன்று தோன்றினும், வயிற்றில் அடிபட்டவனுக்கு வலி மிகுந்து முகம் வெளிறினும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எந்த மாநிலமாயினும் 112 என்ற எண்ணில் உதவி கோரலாம்.

அடித்தவர் எவரும் நாள் குறிப்பதில்லை. காலந்தாழ்த்தும் நாமே குறித்துவிடலாகாது.