பட்டியலுக்கு முந்திய வாசல்

உடற்குறை உள்ளவர்களுக்கு உறுப்பு மாற்று சிகிச்சை நியாயமாகக் கிடைக்கிறதா என்று பேசக் கூடியிருக்கிறோம். சென்னையில் கூடியிருந்தால் பேச்சு அறுவை அரங்கில் தொடங்கியிருக்கும். தஞ்சையில் அது தென்னந்தோப்பில் தொடங்குவதே முறை.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மரமேறி ஒருவர் பிடி நழுவி விழுகிறார் என்று வையுங்கள். உயிர் தப்பினாலும் முதுகுத்தண்டு நொறுங்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடும். கால் போனது ஊருக்குத் தெரியும். சிறுநீர்ப்பை செயலிழந்தது வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும். முழுதும் வெளியேறாத சிறுநீர் தேங்கி, கிருமி பற்றி, அழுத்தம் கூடி மேலே ஏறுகிறது. ஆண்டுகள் போகப் போக, காலுக்கு வந்த கேடு சிறுநீரகம்வரை போய்விடுகிறது.

இதை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காதா? இங்கேதான் சிக்கல். சிறுநீரகத்தின் நிலையை நாம் கிரியாட்டினினை வைத்து மதிப்பிடுகிறோம். அது தசையிலிருந்து வரும் பொருள். தொடையும் கெண்டைக்காலும் சூம்பிப்போனவருக்கு அது குறைவாகத்தான் ஊறும். போலியோ வந்தவருக்கும் அப்படியே. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருக்கும். உள்ளே சிறுநீரகம் பெருமளவு கெட்டிருக்கலாம். தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனையை எழுதிக்கொடுப்பவர்கள் குறைவு. ஆக, இவர்கள் சிறுநீரக மருத்துவரிடம் வந்து சேர்வதே தாமதமாகத்தான்.

டயாலிசிஸ் அறையிலும் ஒரு காட்சி உண்டு. ஊசி போடும் முன்பும், முடிந்த பின்பும் எடை பார்க்க வேண்டும். எவ்வளவு நீர் எடுப்பது என்பது அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. நிற்க முடியாதவரை அண்ணனோ தம்பியோ தூக்கிக்கொண்டு மெஷின்மேல் ஏறி, பிறகு தன் எடையைக் கழித்துச் சொல்கிறார். சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுக்கும் மெஷின் பெரிய கண்டுபிடிப்பொன்றும் இல்லை. வாங்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இவர்களைத் தடுக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உடற்குறை உள்ளவர் உறுப்பு பெறக்கூடாது என்ற வரி கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மருத்துவமனைகளில் தடையற்ற வசதியும் சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்கிறது. 2008இல் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமளித்து அவன் பெற்றோர் காட்டிய பெருந்தன்மைக்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்தில் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது. ஆனால் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் வரிசை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், பட்டியலுக்கே வராதவருக்கு அதனால் என்ன லாபம்? “ஆபரேஷனுக்கு அப்புறம் இவரைப் பார்த்துக்க யாரு இருக்கா?” என்ற ஒரு கேள்வியோடு ஃபைல் மூடப்படலாம். யாரும் மறுக்கவில்லை, மறுத்ததாக எழுத்தும் இல்லை.

மருத்துவர்களின் தயக்கம் எல்லாமே பாரபட்சம் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை உண்பவருக்குப் படுக்கைப்புண்ணும் ஓயாத சிறுநீர்த் தொற்றும் உயிராபத்து. கிடைப்பதற்கு அரிய உறுப்பு வீணாகக் கூடாது என்ற கவலையும் நியாயமே. ஆனால் புண்ணை ஆற்றலாம். சிறுநீர்ப்பையை முறையாகக் காலிசெய்யப் பழக்கலாம். ஆற்றக்கூடிய புண்ணையும் ஆற்ற முடியாத காலையும் ஒரே காரணமாக எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள சாண்ட்ரா ஜென்சனுக்கு இதயமும் நுரையீரலும் மாற்ற முதலில் மறுத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பின் 1996இல் ஸ்டான்ஃபோர்டில் அந்த அறுவை நடந்தது. நம் நாட்டிலும், இறந்தோரின் உறுப்பைப் பெற 65 வயதுக்கு மேற்பட்டோர் பதிவு செய்ய முடியாதிருந்த வரம்பை 2023இல் ஒன்றிய அரசு நீக்கியது. வரம்பு எழுத்தில் இருந்ததால் நீக்க முடிந்தது; எழுதாத மறுப்பை அப்படி நீக்க முடியாது. மறுவாழ்வும் உறுப்பு மாற்றும் ஒரே இடத்தில் சேருமா என்று கேட்டால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். 1954 விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தது அங்கேதான். 1971இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்ததும் அங்கேதான். மறுவாழ்வுத் துறையும் சிறுநீரகத் துறையும் ஒரு நோயாளிக்காகச் சேர்ந்து உட்கார்வது நமக்குப் புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை.

இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். பட்டியலில் சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுதி, கையொப்பமிட்டு, நோயாளி கையில் கொடுக்கும் ஒரு பக்கப் படிவம் வேண்டும். மேல்முறையீடு யாரிடம் என்பதும் அதிலேயே தமிழில் இருக்க வேண்டும். அதன் வரைவைப் பிற்பகல் அமர்வில் சட்டத்துறையினரும் மருத்துவர்களும் மாற்றுத்திறனாளி நண்பர்களும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுங்கள். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.