பத்துக் கையெழுத்தும் ஒரு சின்னமும்

தேர்தலில் போட்டியிடும் உரிமை பெரிய கட்சிக்கும் சிறிய கட்சிக்கும் பொதுவானது. ஆயினும் அவ்வுரிமையைக் கைக்கொள்ளும் வழி இருவருக்கும் ஒன்றன்று.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், மக்களவை வேட்பாளருக்கு 500 ரூபாயும் சட்டமன்ற வேட்பாளருக்கு 250 ரூபாயும் டிபாசிட்டாக விதித்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் இத்தொகை மாறவேயில்லை. 1996இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாயிற்று! அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. இன்று டிபாசிட் முறையே 25,000, 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு அதிற் பாதி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பெறாத, தோல்வியுற்ற வேட்பாளர் அதனை இழப்பார்.

பணத்தையேனும் கடன்பட்டுக் கட்டிவிடலாம். கையெழுத்தே கடினமான வாயில். அம்மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தாற் போதும். பிறரைப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். தமிழகத்தில் ஆட்சி புரிந்த கட்சியாயினும், மும்பையின் தாராவியில் வேட்பாளரை நிறுத்துமானால் அங்கே அதுவும் சிறு கட்சியே. அப்பத்துப் பேரும் அத்தொகுதியின் வாக்காளர்களாக இருத்தல் வேண்டும். ஒன்பது பேர் தகுதியுடையவராக இருந்து ஒருவர் பெயர் பட்டியலில் இல்லையெனின் மனு தள்ளுபடியாகும். தாராவியில் இருபதாண்டு குடியிருந்தும், பெயரைத் திருநெல்வேலியில் விட்டுவந்தவரின் கையெழுத்து இங்கே செல்லாது.

சின்னத்தின் கதை வேறு. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு அது நிலையான உடைமை. ஏனையோர் பலருக்கு, மனுவைத் திரும்பப் பெறும் நாள் கழிந்த பின்னரே சின்னம் கிடைக்கிறது. அதன்பின் அதனை மக்கள் மனத்தில் பதிக்க ஏறத்தாழ இரண்டு வாரமே உண்டு. பதிவு பெற்ற சிறு கட்சிகள் பொதுச் சின்னம் கோரி முன்னரே விண்ணப்பிக்கலாம், முந்தியவருக்கே முன்னுரிமை. 2019இலும் 2021இலும் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்ற நாம் தமிழர் கட்சி, 2024இல் அச்சின்னம் வேறொரு சிறு கட்சிக்குச் சென்றமையால் ஒலிவாங்கியை ஏற்க நேர்ந்தது. எட்டு விழுக்காட்டிற்கு மேல் வாக்குப் பெற்ற பின்னரே, 2025இல், அதற்கு மாநிலக் கட்சி என்னும் அங்கீகாரம் கிட்டிற்று.

மக்களின் ஆதரவை முன்பே மெய்ப்பித்த கட்சிக்குச் சலுகை தருவதில் தவறென்ன என்பர் சிலர். சின்னத்திற்கு அவ்வாதம் பொருந்தும். கையெழுத்திற்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாரிடமும் பத்துக் கேட்டால், பெரிய கட்சி எதற்கும் அது பாரமாகப் போவதில்லை.

சட்டம் மாறும்வரை வெளிமாநிலத் தமிழர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குடிபெயர்ந்தோர் படிவம் 8 கொடுத்துத் தம் பெயரைத் தாம் வாழும் தொகுதிக்கு மாற்றிக் கொள்ளலாம். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் இறுதி நாள் கடந்துவிட்டால், அத்தேர்தல் முடியும்வரை பட்டியலில் எப்பெயரும் ஏறாது.