எண்களும் வாய் திறக்கும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் பேசப்போகிறார் என்றதும் நீரிழிவு, முழங்கால் நோ பற்றிச் சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள். இன்று நான் பேசப்போவது வேறொன்று. கண்பார்வை இல்லாத ஒருவர் புள்ளிவிபரக் கணிப்பைக் கணினியில் தானே செய்வது எப்படி?

ஹெவ்லொக் டவுனில் இதே மண்டபத்தில் காலைக்கூட்டத்துக்கு நின்ற நம் தங்கை ஒருவர் விழித்திரை நோயால் பார்வையைப் படிப்படியாக இழந்தார். பட்டப்பின் படிப்புக்காக நீரிழிவு நோயாளர் பற்றி ஆய்வு செய்தார். வினாக்கொத்தை அவரே தயாரித்தார். நோயாளரோடு அவரே பேசினார். கணிப்பு என்று வந்தபோது, “அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கோ” என்றார்கள். இரக்கத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் தன் முடிவைத் தானே வாசிக்க முடியாதென்றால், அந்த ஆய்வு யாருடையது?

கணினித் திரையில் உள்ளதைக் குரலாகவோ பிரெய்லாகவோ தருவது திரைவாசிப்பான். ‘ஜோஸ்’ விலைகூடியது. ‘என்.வி.டி.ஏ.’ இலவசம், 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. யூ.எஸ்.பி. குச்சியில் போட்டுக் கொண்டுபோய் எந்த விண்டோஸ் கணினியிலும் இயக்கலாம்.

நாங்கள் முதலில் மாற்றியது நிறுத்தக்குறி அமைப்பை. வழமையான அமைப்பில் காற்புள்ளி, அடைப்புக்குறி, அலைக்குறி ஆகியவற்றை அது பெயர்சொல்லி வாசிக்காது. கதை கேட்க அது போதும். கணிப்புக் கட்டளையில் ஒரு அடைப்புக்குறி தவறினாலே வேலை நின்றுவிடும். இன்சேர்ட் விசையோடு ‘பி’ யை அழுத்தி, எல்லாக் குறிகளையும் வாசிக்கும்படி வைத்தோம்.

அடுத்தது மென்பொருள். எஸ்.பி.எஸ்.எஸ். ஜாவாவில் இயங்குவதால், ‘ஜாவா அக்சஸ் பிரிட்ஜ்’ என்ற இணைப்பை இயக்கிவிட வேண்டும். அதன் பிறகும் முடிவு அட்டவணைகளை அந்தச் சாளரத்திலேயே வாசிப்பது சிரமம். கட்டளைகளை எழுத்தில் கொடுத்து, முடிவை வேர்ட் கோப்பாகவோ இணையப்பக்க வடிவிலோ வெளியே எடுப்பது நல்லது.

‘ஆர்’ இன்னும் வசதி. அதுவும் இலவசம். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கட்டளையும் எழுத்து, விடையும் எழுத்து என்பதால் திரைவாசிப்பானுக்கு அது ஒத்துப்போகிறது. அதே நாட்டின் மசி பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் கற்பித்த ஜொனதன் கொட்பிரி பார்வையற்றவர். அவர் உருவாக்கிய ‘பிரெய்ல்ஆர்’ என்ற துணைப்பொதி, வரைபடத்தைச் சொற்களில் விபரிக்கும்: எத்தனை நிரல்கள், எந்த இடைவெளியில் எத்தனை பேர் என்று. 2013 இல் ‘ஆர் ஜேர்னல்’ சஞ்சிகையில், பார்வையற்றவர் நோக்கில் புள்ளிவிபர மென்பொருட்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஆசிரியைகள் தேடி வாசிக்க வேண்டும்.

கட்டளைகளை நோட்பாடில் எழுதி, ஆரில் ஓடவிட்டு, முடிவை இணையப்பக்கமாக எடுத்தோம். ‘டி’ விசையைத் தட்டினால் அடுத்த அட்டவணைக்குப் போகும். கொன்ட்ரோல், ஓல்ட் இரண்டையும் பிடித்து அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு கட்டமாக நகரும். நிரலின் தலைப்பையும் சேர்த்து வாசிக்கும். ஒரு மாலை, காதில் கருவியோடு இருந்த தங்கை திடீரென்று, “அக்கா, இந்த வயதுப் பிரிவில் ஒருவருக்கு 212 வயது” என்றார். தரவு பதியும்போது நுழைந்த பிழை அது. கண்ணுள்ள நாங்கள் மூவர் அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தோம்!

ஆய்வு முடிந்தது. கணிப்பு முழுவதும் அவருடைய கையால்.

சகோதரிகளே, நம் நாட்டில் இது புதிய அக்கறை அல்ல. இரத்மலானையில் உள்ள செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை 1912 இல் தொடங்கியது. நம் பாடசாலைக்கும் மூத்தது. கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கல்வியிலும் வேலையிலும் பாகுபாடு கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே கதிரை போடுவது நம் வேலை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, பாடசாலைக் கணினி அறையின் எல்லாக் கணினிகளிலும் என்.வி.டி.ஏ. இருக்கட்டும், செலவு ஒரு பிற்பகல் மட்டுமே. இரண்டு, சங்கத்தின் கடிதங்களையும் மலர்களையும் யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ நமக்கு அம்மாதான். திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். மூன்று, வட்ஸ்அப்பில் அழைப்பிதழைப் படமாக அனுப்பும்போது கீழே இரண்டு வரி எழுத்திலும் போடுங்கள். படம் மட்டும் வந்தால், எந்த நாள், எத்தனை மணி என்று அந்தத் தங்கை இன்னொருவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த மலர் வெளிநாடுகளில் வாழும் நம் தோழிகளுக்கும் போகும். அவர்களில் சிலருக்கு வயதோடு பார்வை மங்கிக்கொண்டிருக்கும். நமக்கும் அந்த வயது வரும். அன்றும் நம் கணக்கை நாமே பார்க்க வேண்டும்.