நீதிபதி ஆளுநராகும்போது…

(வித்துராவில் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



2023 நவம்பர் 23 அன்று கொல்லத்தில் காலமான எம். பாத்திமா பீவி, உச்சநீதிமன்ற நீதிபதியான முதல் இந்தியப் பெண் ஆவார். 1927இல் பத்தனம்திட்டாவில் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அரசு சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1950இல் வழக்கறிஞரானார். தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான முதல் அமைச்சரவையின் ஆட்சிக் காலமான 1958இல் முன்சீப்பாகப் பணியேற்றார். கீழமை நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1983இல் கேரள உயர்நீதிமன்றத்திலும் 1989இல் உச்சநீதிமன்றத்திலும் நீதிபதியானார். ஆண்களின் கோட்டையாக விளங்கிய துறையில் இது அரிய சாதனை.

1997இல் அவர் தமிழ்நாட்டின் ஆளுநரானார். அதன்பின் நிகழ்ந்தவை கவனத்திற்குரியவை.

1999இல், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட நால்வரின் கருணை மனுக்களை அவர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறவில்லை என்பதால் அவ்வாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2001 மே மாதத்தில், தான்சி நில வழக்கில் தண்டனை பெற்று, வேட்புமனுக்களும் நிராகரிக்கப்பட்டிருந்த ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். செப்டம்பர் 21 அன்று உச்சநீதிமன்றம் அந்நியமனம் செல்லாது என்றது. அதற்குள் அவரே பதவியில் இல்லை. கருணாநிதி கைதான ஜூன் 30ஆம் தேதி நிகழ்வை அடுத்து, அவரைத் திரும்ப அழைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர் பதவி விலகினார்.

உச்சநீதிமன்ற நீதிபதியை எளிதில் நீக்க முடியாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை வேண்டும். ஆளுநரோ குடியரசுத் தலைவர் விரும்பும்வரை மட்டுமே, அதாவது ஒன்றிய அரசு விரும்பும்வரை மட்டுமே, பதவியில் நீடிக்கிறார். குறை தனிமனிதரின் தகுதியில் அன்று, பதவியின் அமைப்பிலேயே உள்ளது.

ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சதாசிவம் 2014இல் கேரள ஆளுநரானார். அயோத்தி வழக்கின் அமர்வில் இடம்பெற்ற அப்துல் நசீர், ஓய்வுபெற்ற ஆறு வாரங்களுக்குள், 2023 பிப்ரவரியில் ஆந்திர ஆளுநராக நியமிக்கப்பட்டார். அவர்களது தீர்ப்புகளின் நேர்மை இங்கு விவாதமல்ல. அரசே மிகப்பெரிய வழக்காடியாக இருக்கும் நாட்டில், அதே அரசு நீதிபதிகளுக்கு ஓய்வுக்குப் பிந்தைய பதவிகளை வழங்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி நீதிமன்றப் படியேறுவது, அங்கிருப்பவர் எவருடைய தயவையும் எதிர்பார்ப்பவர் அல்லர் என்னும் நம்பிக்கையில்தான். ஓய்வுக்கும் அரசுப் பதவிக்கும் இடையே கட்டாய இடைவெளி வேண்டும். ஆளுநர் நியமனத்தில் மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். அத்தொழிலாளியின் நம்பிக்கையைக் காக்க இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டுசெல்வோம்.